பார்த்துக்கொள்பவரையும் பார்ப்போம்

(பரிசளிப்பு விழாவில் நம் பள்ளியின் முன்னாள் மாணவியும் ஓய்வுபெற்ற தாதியுமான ஒருவர் ஆற்றிய உரை)



நான் 1968ஆம் ஆண்டு இந்தப் பள்ளியில் முதலாம் வகுப்பில் சேர்ந்தவள். அன்று இது பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக இருந்தது. மழை பிடித்துக்கொண்டால் ஆசிரியர் சொல்வது காதில் விழாது. எங்களுக்கு அது கொண்டாட்டம்! என் தாயும் தந்தையும் பால்மரம் வெட்டியவர்கள். அவர்கள் வெட்டிய பாலில் படித்துத் தாதியானேன். முப்பத்தெட்டு ஆண்டுகள் அரசாங்க வேலை பார்த்து 2021இல் ஓய்வு பெற்றேன்.

"தாதி வேலைக்கு எப்படிப் போவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். அதை வகுப்பறையில் தனியாகச் சொல்கிறேன். இன்று பெற்றோரும் பிள்ளைகளும் ஒன்றாக அமர்ந்திருக்கிறீர்கள். இப்படி ஒரு வாய்ப்பு அடிக்கடி கிடைக்காது. ஆகவே, எல்லார் வீட்டுக்கும் ஒருநாள் வரப்போகிற ஒரு வேலையைப் பற்றிப் பேச விரும்புகிறேன். வயதானவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் வேலைதான் அது.

ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு தாமானில், வயதான தம்பதியர் வீட்டுக்கு மாலை வேளைகளில் போகிறேன். சம்பளத்துக்குத்தான் போகிறேன். சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. தாத்தாவுக்கு 81 வயது. பாட்டிக்கு 77. இருவருமே சிறு வயதில் மங்கு கழுவக் காட்டுக்குப் போனவர்கள். தாத்தா நிரை வெட்டுவார்; பாட்டி பக்கத்து நிரையில் வெட்டுவார். காண்டா தூக்கித் தூக்கித் தாத்தாவின் தோளில் விழுந்த தடிப்பு இன்றும் இருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டம் வந்தது. லயத்தைக் காலி செய்து இந்த மலிவு விலை வீட்டுக்கு வந்தார்கள்.

மகன் ஜொகூர்பாருவில் இருந்துகொண்டு தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். மகள் அதே தாமானில் அடுத்த வரிசையில் இருக்கிறார். தொழிற்சாலையில் அவருக்கு மதிய ஷிப்ட். இரவு பத்து மணிக்குத்தான் விடும். அந்த இடைவெளிக்குத்தான் நான்.

மாலை ஐந்து மணிக்கு வாசலில் செருப்பை விடும்போதே பாட்டியின் குரல் வரும்: "மிஸ்ஸி வந்துட்டியாம்மா? கோப்பி ஊத்தட்டுமா?"

"நீங்க உக்காருங்க பாட்டி, நான் ஊத்திக்கிறேன்" என்பேன். உட்கார மாட்டார்.

தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல்: "பாரு." தண்ணீர் வேண்டுமென்றாலும் "பாரு." விளக்கை அணைக்க வேண்டுமென்றாலும் "பாரு." கோபம் வந்தாலும் "பாரு"தான். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் நாக்கில் தங்கிவிடும். அதற்காக அவர்களுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்கக் கூடாது. நாம் பேசுவது அவர்களில் பலருக்கு நன்றாகவே புரியும்.

முதல் வேலை, தாத்தாவைத் திருப்பிப் படுக்க வைப்பது. ஒரே பக்கமாகப் படுத்திருந்தால் எலும்பு துருத்திய இடங்களில் இரத்த ஓட்டம் நின்று புண் வந்துவிடும். குதிகால், இடுப்பு, முதுகின் அடி எலும்பு, இந்த மூன்று இடங்களையும் தினமும் பார்க்க வேண்டும். தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தி எடுத்த பிறகும் சிவப்பு மாறாமல் இருந்தால் அதுதான் புண்ணின் ஆரம்பம். இரண்டு மணிக்கு ஒரு தடவை திருப்பிப் போட்டு, முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு இடையில் ஒரு தலையணை வைத்தால் பெரும்பாலும் புண்ணைத் தடுத்துவிடலாம். இதற்குக் காசு பணம் வேண்டாம். கவனம்தான் வேண்டும்.

அடுத்தது உடம்பு துடைத்துச் சட்டை மாற்றுவது. இதில் ஒரு சின்னச் சூட்சுமம் இருக்கிறது. பிள்ளைகளே, நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டையைப் போடும்போது விழுந்துபோன கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். விழுந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள்மூட்டு நழுவிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பாசத்தோடு இழுத்து வலியை உண்டாக்குகிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். பாசம் மட்டும் போதாது, பழக்கமும் வேண்டும்.

ஆறரை மணிக்குச் சாப்பாடு. தாத்தாவை நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். படுக்க வைத்து ஊட்டினால் சோறு மூச்சுக் குழாயில் போய்விடும். குழைந்த சோறு, சின்னக் கரண்டி, வாயின் நல்ல பக்கம். ஒரு வாய் விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். தொலைக்காட்சியை அணைத்துவிட வேண்டும். சாப்பிட்டு முடிந்தும் அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேண்டும். ஒரு தட்டுச் சோறு ஊட்ட முக்கால் மணி நேரம் ஆகும். அவசரப்பட்டால் இருமல், இருமலுக்குப் பின்னால் நுரையீரல் காய்ச்சல்.

இதெல்லாம் நான் நன்றாகத் தெரிந்து செய்கிற வேலைகள். ஆனால் ஒருநாள் மாலை தவறிப் போனேன். அந்தத் தவற்றைச் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

அன்று தாத்தாவுக்குச் சளி. இரண்டு வாய்க்கு ஒரு தடவை இருமல். ஊட்டுவதும் நிறுத்துவதுமாக மணி ஏழரை ஆகிவிட்டது. பாட்டி பின்னால் நாற்காலியில் இருந்தார். திடீரென்று, "நேரமாச்சு, பெரட்டுக்கு நேரமாச்சு, மங்கு எங்க?" என்று முனக ஆரம்பித்தார். பாட்டிக்குக் கொஞ்ச நாளாகவே மறதி உண்டு. மறதி உள்ள முதியவர்களில் சிலருக்குப் பொழுது சாயும் வேளையில் மனம் குழம்புவதும் உண்டு. 'அதுதான் இது' என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். "இன்னிக்கு லீவு பாட்டி, பெரட்டு இல்ல" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தாத்தாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா "பாரு" என்றார். தண்ணீர் கொடுத்தேன். வேண்டாமென்று தலையை ஆட்டினார். "பாரு… பாரு." தலையணையைச் சரி செய்தேன். அதுவும் இல்லை. இடது கையால் கட்டிலின் சட்டத்தில் தட், தட் என்று அடித்தார். கண்ணில் நீர். "என்ன தாத்தா, ஏன் கோபம்?" என்றேன். அவர் கையைத் தூக்கி எனக்குப் பின்னால் காட்டினார்.

திரும்பிப் பார்த்தேன். பாட்டியின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது. என்னைப் பார்க்கிறார், ஆனால் என்னை அடையாளம் தெரியவில்லை.

பாட்டிக்கு இனிப்புநீர். மாலையில் ஊசி போட்டுக்கொள்வார். அன்றும் ஆறு மணிக்குத் தானே போட்டுக்கொண்டார். போட்டால் அரை மணி நேரத்தில் சாப்பிட வேண்டும். ஆனால் தாத்தா சாப்பிட்டு முடிக்காமல் பாட்டி தட்டைத் தொடமாட்டார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தானாம்! ஊசி மருந்து காத்திருக்குமா? சீனியின் அளவை இறக்கிவிட்டது. கருவியில் பார்த்தேன்: 2.9. நான்குக்குக் கீழே போனாலே ஆபத்து.

நல்ல வேளை, நினைவு முழுதும் தப்பவில்லை, விழுங்க முடிந்தது. அரைக் குவளைத் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனியைக் கலக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 4.6. பிறகு சோறு கொடுத்தேன். எட்டேகால் மணிக்குப் பாட்டி என்னைப் பார்த்து, "மிஸ்ஸி, அவருக்கு மாத்திரை குடுத்தாச்சா?" என்று கேட்டார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை!

பெற்றோர்களே, இதை மனத்தில் வையுங்கள். இனிப்புநீருக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் வியர்த்து, நடுங்கி, பேச்சுத் தடுமாறினால், வயசு, மறதி என்று விட்டுவிடாதீர்கள். முதலில் சீனி குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். கருவி இல்லாவிட்டால் சீனித் தண்ணீரை முதலில் கொடுங்கள். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999க்குக் கூப்பிடுங்கள்.

அன்றிரவு வீட்டுக்குப் போனேன், தூக்கம் வரவில்லை. முப்பத்தெட்டு வருடத் தாதி நான். அந்தக் கிழவர், ஒரு பக்கம் விழுந்தவர், ஒரே ஒரு சொல் உள்ளவர், அவர் பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? அந்த வீட்டில் நோயாளி ஒருவர்தான் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். அதுதான் என் தவறு.

நான் தினமும் குறிப்பு எழுதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தாத்தா எத்தனை வாய் சாப்பிட்டார், எத்தனை மணிக்குத் திருப்பினேன், தோல் எப்படி, எல்லாம் இருந்தது. பாட்டியைப் பற்றி ஒரு வரி இல்லை. காலை நான்கு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரை அந்தத் தாத்தாவைத் திருப்புவது, துடைப்பது, ஊட்டுவது எல்லாம் பாட்டிதான். நான் செய்வது ஐந்து மணி நேரம். மற்ற நேரம் எல்லாம் 77 வயதுப் பாட்டியும், ஷிப்ட் முடித்து வரும் மகளும். அவர்கள் சாப்பிட்டார்களா, தூங்கினார்களா, முதுகு வலிக்கிறதா என்று கேட்க அந்தப் புத்தகத்தில் இடமே இல்லை.

மறுநாள் அந்தப் புத்தகத்தில் இன்னொரு கோடு போட்டோம். போட்டது நானல்ல, பேத்தி. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை. அவள் நம் பள்ளி மாணவியல்ல. வேறொரு தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். அளவுகோல் வைத்து நேராகக் கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'தாத்தா', அந்தப் பக்கம் 'பாட்டி' என்று தலைப்பு எழுதினாள். 'ஊசி எத்தனை மணி? சாப்பாடு எத்தனை மணி?' என்று பாட்டியின் பக்கத்தில் எழுதினாள்.

அது மட்டுமா? பாட்டி தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார்; வேறு மொழி படிக்கத் தெரியாது. மருந்துப் பைகளில் எழுதியிருப்பதோ மலாயில். பாட்டி மாத்திரைகளை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் வைத்திருந்தார். வேறு நிறுவனத்து மாத்திரை வந்தால் நிறமும் மாறிவிடும் அல்லவா? அப்படி ஒரு தடவை மாறி, ஒரே மருந்தை இரண்டாகப் போட்டுக்கொண்டதும் நடந்திருக்கிறது. பேத்தி என்ன செய்தாள்? என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு, ஒவ்வொரு பையிலும் தமிழில் ஒட்டினாள். 'காலை, சாப்பிட்ட பின், ஒன்று.' பக்கத்தில் ஒரு சூரியன். 'இரவு, சாப்பிட்ட பின், ஒன்று.' பக்கத்தில் ஒரு நிலா. பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார். "என் பேத்தி எழுதினது" என்று அக்கம்பக்கத்தில் காட்டினார்.

தமிழ்ப்பள்ளியில் படித்து என்ன பயன் என்று கேட்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த மருந்துப் பையைக் காட்டி நான் அவர்களுக்குப் பதில் சொல்வேன்.

அன்பர்களே, பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டு விட்டார்கள் என்று மேடையில் பேசுவது சுலபம். நான் அப்படிப் பேச வரவில்லை. அந்த மகன் விடியற்காலை எழுந்து எல்லை தாண்டிச் சம்பாதித்துப் பணம் அனுப்புகிறார். அந்த மகள் இரவு பத்தரைக்கு வந்து தந்தைக்குத் துணி மாற்றிவிட்டுத்தான் சாப்பிடுகிறார். யாரும் கைவிடவில்லை. ஆனால் ஆள் போதவில்லை. சிங்கப்பூரில் 1995இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் ஒன்று வந்தது. வசதியுள்ள பிள்ளை கவனிக்காவிட்டால் முதியவர் முறையிட்டுப் பணம் பெறலாம். நல்ல சட்டம்தான். ஆனால் சட்டம் பணத்தை வாங்கித் தரும். மாலை ஏழரை மணிக்கு ஒரு கரண்டிச் சோற்றை வாங்கித் தருமா?

தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். இருட்டோடு எழுந்து, குழந்தையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத்தான் தாய்மார்கள் பெரட்டுக்குப் போவார்கள். அங்கே வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். ஓர் ஆயா அத்தனைக்கும் பால் கொடுப்பார், ஆட்டுவார், துடைப்பார். நானும் அந்தத் தொட்டிலில் வளர்ந்தவள்தான். 1990இல் வந்த தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டத்திலும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்துக்கு இடம் இருக்கிறது. 'பெற்ற பிள்ளையை அடுத்தவரிடம் விட்டுவிட்டுப் போகிறாளே' என்று அன்று யாரும் அந்தத் தாயை ஏசவில்லை. உழைக்கிறவள் எப்படி இருபத்து நான்கு மணி நேரமும் பிள்ளையைப் பார்ப்பாள் என்று தோட்டமே ஒத்துக்கொண்டது.

குழந்தைக்கு ஆயா உண்டு என்று ஒத்துக்கொண்ட நாம், கிழவனுக்கும் கிழவிக்கும் ஆயா வேண்டும் என்று ஏன் ஒத்துக்கொள்ளவில்லை? உதவி கேட்டால் மானம் போய்விடும் என்று நினைக்கிறோம். வெளியாள் வந்து தகப்பனைக் குளிப்பாட்டினால் ஊர் என்ன சொல்லும் என்று பயப்படுகிறோம். அந்தப் பயத்தின் பாரத்தை வீட்டில் ஒருத்தி தனியாகச் சுமக்கிறாள். பெரும்பாலும் அவள் மனைவி, அல்லது மகள், அல்லது மருமகள். 2030ஆம் ஆண்டில் நம் நாட்டில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் 60 வயதைத் தாண்டியிருப்பார்கள் என்பது கணிப்பு. அது வரப்போகிற செய்தி அல்ல, நம் வீட்டுக் கட்டிலில் ஏற்கெனவே வந்து படுத்துவிட்ட செய்தி.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள்.

பெற்றோர்களுக்கு: உங்கள் வீட்டில் நோயாளி இருந்தால், இரண்டு பேரைப் பாருங்கள். வாரத்தில் ஒருநாளாவது, பார்த்துக்கொள்பவரை உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் அந்த வேலையைச் செய்யுங்கள். ஆண்களும் செய்யுங்கள். படுத்த படுக்கையாகிவிட்டவரைப் பராமரிப்போருக்குச் சமூக நல இலாகாவில் மாதாந்திர உதவித் திட்டம் உண்டு. வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுப்பார்கள். ஆனால் விண்ணப்பம் போட்டால்தானே கிடைக்கும்? கேட்பது பிச்சையல்ல.

மாணவச் செல்வங்களுக்கு: நீங்கள் தாத்தாவைத் தூக்க வேண்டாம், ஊசி போடவும் வேண்டாம். அது பெரியவர்கள் வேலை. உங்களால் முடிந்தது இது: மருந்துப் பையைப் பெரியவர்களிடம் கேட்டுத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். சாப்பாட்டு வேளையில் தொலைக்காட்சியை அணையுங்கள். பள்ளி விட்டுப் போனதும் பாட்டியிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "பாட்டி, நீங்க பசியாறிட்டீங்களா?" இந்த ஒரு கேள்வியை நான் அன்று மாலை ஆறரை மணிக்குக் கேட்டிருந்தால், மேலே சொன்ன கதையே இல்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாருக்கு: மாதம் ஒரு சனிக்கிழமை இந்த மண்டபத்தைக் கொடுங்கள். திருப்பிப் படுக்க வைப்பது, ஊட்டுவது, சீனியின் அளவைப் பார்ப்பது இவற்றை இலவசமாகச் சொல்லிக்கொடுக்க நான் வருகிறேன். இன்னும் இரண்டு ஓய்வுபெற்ற தாதியரையும் அழைத்து வருகிறேன். ஒரு கட்டிலும் நான்கு தலையணையும் போதும்.

இங்கே மேசைமேல் கிண்ணங்கள் மின்னுகின்றன. கணிதத்துக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, நன்னடத்தைக்கு ஒன்று. நான் சொன்ன பாடத்துக்குப் பரிசு கிடையாது. அதைச் செய்கிறவர்கள் பரிசு வாங்க மேடைக்கு வரவும் மாட்டார்கள். அவர்களால் வீட்டை விட்டு வர முடியாது. இன்றைக்கும் இந்த மண்டபத்துக்கு வர முடியாமல், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் உங்களில் சிலர் வீட்டில் இருப்பார். விழா முடிந்து போனதும், அவருக்கு ஒரு தட்டில் சாப்பாடு போட்டு முன்னால் வையுங்கள்.

அந்தத் தாத்தா இன்றும் ஒரே சொல்தான் சொல்கிறார். ஆறரை மணிக்கு நான் கரண்டியை எடுத்தால் வாயைத் திறக்க மாட்டார். பாட்டியின் தட்டைக் காட்டி "பாரு" என்பார். பாட்டி முதல் வாயை எடுத்து வைத்த பிறகுதான் அவர் வாய் திறக்கும். கல்யாண நாளிலிருந்து இருந்த வழக்கம் இப்போது தலைகீழாக மாறிவிட்டது. பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாரேன் இந்த மனுஷன" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுகிறார்.

பரிசு பெறும் பிள்ளைகளுக்கு என் வாழ்த்து.